'புல் டர்ஹாம்' எடுத்த மைதானம் இது இல்லை

அமெரிக்காவின் டர்ஹாம் நகரிலுள்ள டர்ஹாம் புல்ஸ் அத்லெடிக் பார்க்கின் படத்தைப் போட்டு, "1988இல் வந்த 'புல் டர்ஹாம்' பேஸ்பால் படம் இங்கேதான் எடுக்கப்பட்டது" என்று பகிர்கிறார்கள். தவறு. இந்த மைதானம் திறந்ததே 1995இல்தான். படப்பிடிப்பு நடந்தது 1987இல், அதே நகரிலுள்ள பழைய டர்ஹாம் அத்லெடிக் பார்க்கில். அந்தக் காலத்தில் ஊரின் பேஸ்பால் அணியான புல்ஸ் ('காளைகள்') அங்குதான் ஆடிவந்தது.

குழப்பத்துக்குப் பெயர் ஒரு காரணம். பெரிய காரணம், படத்தில் மைதானத்தில் நிற்கும் காளைப் பலகை. மூக்கில் புகை விட்டு, வாலை ஆட்டும் காளை. பந்து அதன்மேல் பட்டால் ஆட்டக்காரருக்கு ஸ்டேக் (மாட்டிறைச்சி) விருந்து. பலரும் நினைப்பதுபோல அது ஊரின் பழைய வழக்கம் இல்லை, படத்துக்காகச் செய்தது. ரசிகர்களுக்குப் பிடித்துப்போனதால் புதிய மைதானத்திலும் அதேபோல ஒன்றை வைத்தார்கள். அதைப் பார்த்ததும் படம் நினைவுக்கு வருவது இயல்புதான்.

சரி, புதிய மைதானத்துக்கென்று சொந்தப் பெருமை இல்லையா? நிறையவே உண்டு. 1998 முதல் புல்ஸ் அணி மைனர் லீக்கின் (முதன்மைத் தொழில்முறை லீக்குக்குக் கீழுள்ள லீக்குகளின்) உச்சப் படியான டிரிபிள்-ஏயில் ஆடுவது இங்கேதான். டியூக் பல்கலைக்கழக மாணவர் அணியும் தன் உள்ளூர் ஆட்டங்கள் பலவற்றை இதே களத்தில் ஆடியிருக்கிறது. அதைச் சொல்லிப் பகிரலாமே! படத்தின் பெருமை பழைய மைதானத்துக்கு உரியது.