சம்பளம் வாங்காதவர்களுக்கு விடுப்பு யார் தருவது?

எங்கள் சபையின் சார்பில் வெளிநாட்டில் தன்னார்வ ஊழியம் செய்துவரும் ஒரு தம்பதியர், சென்ற மாத ஜெபக்கடிதத்தின் கடைசிப் பத்தியில், தாங்கள் இருவரும் 16 நாள்கள் ஓர் ஏரிக்கரையில் தங்கி ஓய்வெடுக்கப் போவதாகவும், அந்த நாள்களில் மின்னஞ்சலுக்கும் தொலைபேசி அழைப்புக்கும் பதில் வராது என்றும் எழுதியிருந்தார்கள். செய்தி மூன்று வரிகளில் முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஏழெட்டு வரிகள் சமாதானம் சொல்வதிலேயே போயிருந்தன. பயணச் செலவு தங்கள் ஓய்வூதியத்திலிருந்து வருகிறது, தங்கும் வீட்டை ஒரு நண்பர் வாடகையின்றித் தருகிறார், ஞாயிறு வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, விடுபடும் இரண்டு வேதபாடங்களைத் திரும்பி வந்ததும் நடத்தி முடித்துவிடுவோம் என்று ஒவ்வொன்றாக விளக்கியிருந்தார்கள். மிஷனரிக் குழுவில் இந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது, "போன வருடம்தானே மகள் திருமணத்துக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனார்கள்?" என்று ஒருவர் கேட்டார். அந்த ஒருவர் நான்தான்.

கேட்ட அன்று இரவே அந்தக் கேள்வி என்னைத் திரும்பக் குத்தியது. காரணம், அந்த ஒரு மாதத்துக்கான நிகழ்ச்சி நிரலைத் தயாரித்தவனும் நானே. பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆராதனையில் சாட்சி, பெண்கள் ஐக்கியத்தில் அம்மாவின் செய்தி, வாலிபர் கூட்டத்தில் ஐயாவின் செய்தி, காணிக்கை கொடுத்துத் தாங்குகிற குடும்பங்களில் பதினொரு வீடுகளுக்கு நேரில் போய் நன்றி சொல்லுதல், இவற்றுக்கு நடுவே ஒரு திருமணம். எதுவும் எழுதப்படாத நாள்கள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று விமானம் ஏறும் நாள். அதைத்தான் நான் ஓய்வு என்று கணக்கில் வைத்திருந்தேன்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது தன்னார்வம் என்கிற சொல். சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு எழுதப்பட்ட விடுப்பு உண்டு. அதை அவர் கேட்டுப் பெறலாம், மறுக்கப்பட்டால் ஏன் என்று கேட்கலாம். தன்னார்வ ஊழியருக்கு அப்படி ஒன்றும் எழுதப்படுவதில்லை. விருப்பப்பட்டு வந்தவர்தானே, எப்போது வேண்டுமானாலும் இளைப்பாறிக்கொள்ளலாமே என்பது அனுப்புகிறவர்களின் எண்ணம். நடப்பதோ இதற்கு நேர்மாறானது. எந்த நாளும் விடுப்பு நாள் என்று குறிக்கப்படாததால் எல்லா நாளும் ஊழிய நாளாகிவிடுகிறது. ஓய்வெடுக்க வேண்டுமென்றால், தாமே முடிவெடுத்து, தாமே அறிவித்து, தம் விருப்பத்துக்காகச் செய்கிற காரியம் போல அதற்குத் தாமே கூச்சப்படவும் வேண்டியிருக்கிறது. அந்த ஏழெட்டு வரிகள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நம் பிரசங்க மேடைகளில் அடிக்கடி புகழப்படும் ஒரு கணக்கு உண்டு. ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி 1793 நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1834-ல் செராம்பூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. ஏறத்தாழ 41 ஆண்டுகள் ஒரு விடுப்பும் இல்லை. சிறுவயதிலிருந்து இதைக் கேட்டு வியந்திருக்கிறேன். கேரியின் உழைப்பையோ மொழிபெயர்ப்புப் பணியையோ குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதே வீட்டில் அவர் மனைவி டாரதி கேரி என்றொரு பெண் இருந்தார். புறப்பட அவருக்கு முதலில் மனமில்லை. பிரசவமாகிச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், தங்கை உடன் வருவதானால் வருகிறேன் என்று வற்புறுத்தலுக்கு இணங்கிக் கப்பல் ஏறினார். வந்த மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். அதற்குப் பிறகு டாரதியின் மனநிலை பிறழ்ந்து, 1807-ல் இறக்கும்வரை தேறவே இல்லை. அறையில் அடைத்து வைத்துக் காக்க வேண்டிய நிலைகூட வந்தது. அந்த 41 ஆண்டுகளில் முதல் 14 ஆண்டுகள் டாரதியுடையவையும்தான் என்பதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அவரை ஊருக்கு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் பயணமே ஐந்து மாதம். விடுப்பே எடுக்காததை விசுவாசத்தின் அளவுகோலாக்கும்போது, ஒரு தம்பதியரில் ஒருவருடைய கணக்கை மட்டுமே கூட்டுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சனின் வரலாறும் இப்படித்தான். அவருடைய முதல் மனைவி ஆன், உடல்நலம் குன்றி 1822-ல் தனியாகத் தாய்நாட்டுக்குக் கப்பலேறினார். ஓய்வுக்குப் போன இடத்தில் பர்மா ஊழியத்தின் வரலாற்றை எழுதி முடித்துவிட்டு, அடுத்த ஆண்டு இறுதியில் திரும்பி வந்தார். 1826-ல் இறந்துவிட்டார். 1812-ல் அமெரிக்காவை விட்ட ஜட்சன் மீண்டும் அந்த மண்ணை மிதித்தது 1845-ல். அதுவும் தமக்காக அல்ல. இரண்டாம் மனைவி சாராளின் நோய் முற்றிப்போய், கடல் காற்றாவது காப்பாற்றுமா என்று புறப்பட்ட பயணம் அது. வழியில் செயின்ட் ஹெலினா தீவில் கப்பல் நின்றபோது சாராள் இறந்தார். அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டார். மனைவியைப் புதைத்துவிட்டு வந்து இறங்கிய ஜட்சனைச் சபைகள் ஊர் ஊராக அழைத்தன. தொண்டை நோயால் அவருக்குக் குரல் எழும்பவில்லை. அவர் மெல்லச் சொல்வதை அருகில் நின்ற இன்னொருவர் உரக்கச் சொன்னார். 33 ஆண்டுகளுக்குப் பிறகு வீடு திரும்பிய மனிதரை அப்போதும் மேடையில்தான் நிறுத்தினார்கள். என் நிகழ்ச்சி நிரலுக்கு முன்னோடிகள் நெடுங்காலமாக இருந்திருக்கிறார்கள்.

ஓய்வின் தேவையை அக்காலத்து மிஷன்கள் உணராமலும் இல்லை. சமவெளியின் காய்ச்சலும் காலராவும் குடும்பங்களைக் கொண்டுபோவதைப் பார்த்த அமெரிக்க மதுரை மிஷன், 1845-ல் கொடைக்கானலில் தன் முதல் வீடுகளைக் கட்டியது. ஜப்பானின் கருய்சாவா, சீனாவின் குலிங் ஆகிய மலை வாசத்தலங்களும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனரிகளின் ஓய்விடங்களாகத்தான் உருப்பெற்றன. 1922-ல் அமெரிக்காவின் வென்ட்னர் கடற்கரையில், விடுப்பில் வரும் மிஷனரிக் குடும்பங்கள் தங்குவதற்கென்றே வீடுகள் ஒதுக்கப்பட்டன. பிற்காலத்தில் அது ஓர் ஆய்வு மையமாக வளர்ந்தாலும், தொடக்கம் என்னவோ களைத்து வந்த குடும்பங்களுக்குக் கடலோரத்தில் ஒரு கூரை என்பதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. மிஷனரிகள் மலையேறியபோது, அவர்களோடு தோளோடு தோள் நின்று உழைத்த உள்ளூர் உபதேசியார்களும், வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துச் சொன்ன வேதாகம ஸ்திரீகளும் வெயிலில் சமவெளியிலேயே இருந்தார்கள். ஓய்வு வெளிநாட்டாரின் சலுகையாக இருந்தது. ஆகவே, "அங்கேயே பிறந்து வளர்ந்த விசுவாசிகள் ஓய்வில்லாமல் உழைக்கும்போது இவர்களுக்கு மட்டும் ஏரிக்கரையா?" என்று குழுவில் இன்னொருவர் கேட்டதை நான் அலட்சியப்படுத்தவில்லை. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடை, இந்தத் தம்பதியரின் 16 நாள்களைப் பிடுங்கிக்கொள்வது அல்லவே! அவர்கள் இல்லாத நாள்களில் ஞாயிறு வகுப்பை நடத்திய அந்த ஊர் சகோதரிக்கும் விடுப்பு உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் ஏற்பாடு செய்வதுதான் விடை.

வேதத்திலிருந்து பதில் சொல் என்று கேட்டவர்களுக்காக இது. மாற்கு ஆறாம் அதிகாரத்தில் சீஷர்கள் ஊழியம் முடித்துத் திரும்பி, செய்தவை, உபதேசித்தவை யாவற்றையும் இயேசுவிடம் அறிவிக்கிறார்கள். அதைக் கேட்டவர் அடுத்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை. தனித்துச் சற்றே இளைப்பாறப் போவோம் வாருங்கள் என்று அழைக்கிறார். சாப்பிடவும் அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். அந்த ஓய்வு நடக்கவில்லை என்பதும் தெரிந்ததே; ஜனங்கள் கரைவழியாக ஓடி முந்திக்கொண்டார்கள், ஐயாயிரம் பேருக்குப் பந்தி நடந்தது. நாம் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொண்டு, பார்த்தீர்களா, தேவை வந்தால் ஓய்வைத் தள்ளிவைக்க வேண்டும் என்று முடித்துவிடுகிறோம். அடுத்த வசனத்தையும் வாசிக்க வேண்டும். சீஷர்களைப் படவில் ஏற்றி முதலில் அனுப்பிவிட்டு, ஜனங்களை அனுப்பிவிடும் வேலைக்கு இயேசு தாமே பின்தங்குகிறார். அனுப்பினவர் ஊழியருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்கிறார். எங்கள் குழு நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான். நாங்களோ கூட்டத்தோடு சேர்ந்து கரைவழியாக ஓடிக்கொண்டிருந்தோம்.

சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது ஒரு செய்தியை அல்ல, சுட்ட அடையையும் தண்ணீரையும். தின்று குடித்து மறுபடியும் படுத்துக்கொண்டவரை அவன் கண்டிக்கவும் இல்லை. மோசேயின் மாமனார் எத்திரோவின் கதையை மட்டும் எப்போதும் நிர்வாகப் பாடமாகவே நடத்துகிறோம், ஆயிரம் பேருக்கு அதிபதி, நூறு பேருக்கு அதிபதி என்று. அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில், மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் இரண்டு பிள்ளைகளையும் அவன் கூட்டிக்கொண்டு வருகிறான். குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான், மறுநாள், நீர் இளைத்துப்போவீர் என்று மருமகனிடம் சொல்கிறான். வரிசையைக் கவனியுங்கள்.

தம்பதியராக ஊழியம் செய்வதில் வெளியே தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. இருவரும் ஒரே வீட்டில், ஒரே வேலையில், ஒரே அந்நிய மொழியில் இருக்கிறார்கள். கணவருக்கு மனைவியே சக ஊழியர், மனைவிக்குக் கணவரே சில வேளைகளில் மேலாளர். காலையில் உண்ணும்போது அன்றைய வகுப்பு, இரவில் படுக்கும்போது நாளைய வருகையாளர் பட்டியல். சண்டை வந்தாலும் ஜெபக்கூட்டத்துக்கு இன்னும் அரை மணிதான் இருக்கும். மேலும், வீடு என்பது ஊழியத்தின் கூடமாகவும் ஆகிவிடும்போது, ஐயா வெளியே போய்வந்து நாற்காலியில் சாய்வதை ஓய்வு என்கிறோம். அதே நேரத்தில் வந்தவர்களுக்குச் சமைத்துப் பரிமாறிய அம்மாவின் வேலைக்கு உபசரிப்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம். பவுலோடு ஊழியம் செய்த தம்பதியரான ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாவையும் வேதம் ஒருபோதும் பிரித்துச் சொல்வதில்லை. பல இடங்களில் மனைவியின் பெயரே முன்னால் வருகிறது. நம் அறிக்கைகளில் மட்டும் கணவரின் பெயரை எழுதி, "அவர் துணைவியாரும்" என்று சேர்த்துக்கொள்கிறோம்.

விடுப்பை ஆதரிக்கிறவர்களிடமும் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. குழுவில் எங்கள் பக்கம் பேசிய நண்பர், ஹட்சன் டெய்லரை எடுத்துக்காட்டினார். நோயுற்று 1860-ல் சீனாவிலிருந்து இங்கிலாந்து திரும்பிய அவர், அந்த இடைவெளியில்தான் 1865-ல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கினார். ஆகவே ஓய்வு வீணாகாது, இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்றார். வாக்கெடுப்பில் வெல்ல இது உதவலாம். ஆனால் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால், ஏரிக்கரையிலிருந்து ஒரு புதிய திட்டத்தோடு திரும்பாத தம்பதியர் ஏதோ கடன்பட்டவர்கள் போலாகிவிடுவார்கள். அவர்கள் 16 நாளும் உறங்கிவிட்டு வந்தால் என்ன? நீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு, எந்த வெளிப்பாடும் இல்லாமல் திரும்பினால்தான் என்ன? ஓய்வுநாளைக் கொடுத்தபோது, ஏழாம் நாள் முடிவில் அறிக்கை தர வேண்டும் என்று கர்த்தர் கேட்கவில்லை.

எனவே நான் குழுவில் வைத்திருப்பது உணர்ச்சிகரமான வேண்டுகோள் அல்ல, ஒரு காகிதம். தன்னார்வ ஊழியத்துக்கு அனுப்பும் தம்பதியரின் அனுப்புதல் கடிதத்திலேயே, ஆண்டுக்கு இத்தனை நாள் விடுப்பு என்று எழுத வேண்டும். தாய்நாட்டுக்கு வந்து சபைகளைச் சந்திக்கும் நாள்களை அதில் சேர்க்கக்கூடாது. விடுப்பில் எங்கே தங்குகிறார்கள் என்று கேட்கக்கூடாது. அந்த நாள்களில் வரும் கடிதங்களுக்குக் குழுச் செயலாளரே பதில் எழுத வேண்டும். மொர்மன் சபையாரின் உபதேசங்களில் நான் முற்றிலும் மாறுபடுகிறவன். ஆனாலும், ஓய்வுபெற்ற தம்பதியரைச் சொந்தச் செலவில் ஊழியத்துக்கு அழைக்கும்போது 6, 12, 18, 23 மாதங்கள் என்று காலவரையறை வைப்பதும், தங்கள் ஊழியர்களுக்கு வாரத்தில் ஒரு நாளை ஆயத்த நாள் என்று துணி துவைக்கவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் ஒதுக்குவதும் அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை. எப்போது முடியும் என்று தெரிந்த உழைப்பு வேறு, எப்போது முடியும் என்று கேட்பதே துரோகமாகப் பார்க்கப்படும் உழைப்பு வேறு.

அம்மா திரும்பி வந்தபின் எனக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நான் குழுவில் கேட்ட கேள்வி அவர்களுக்கு எட்டியிருக்கிறது. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முதல் நான்கு நாள்கள் இருவரும் உறங்கியே கழித்தார்களாம். ஐந்தாம் நாள் மாலையில்தான், ஊழியத்தைப் பற்றியல்லாத ஒரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை ஐயா கவனித்துச் சொல்ல, இருவரும் சிரித்திருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் வரைவு விவாதத்துக்கு வருகிறது. நாள்களின் எண்ணிக்கையில் பெரிய எதிர்ப்பு இல்லை. கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியே விடுப்பு எழுத வேண்டும் என்ற பிரிவில்தான் தகராறு இருக்கும் என்று செயலாளர் சொன்னார். அந்தப் பிரிவை நான் நீக்கப்போவதில்லை.