கனகுவை ஏன் யாருமே துரோகி என்று சொல்வதில்லை?

2008-ல் வந்த படம். இன்றைக்கும் 'சுப்ரமணியபுரம்' பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பேர்தான் திட்டு வாங்குகிறார்கள். நாயகன் அழகரின் காதலி துளசியும், அவன் கூட்டாளி காசியும். "பொண்ண நம்புனான், போய்ச் சேர்ந்தான்", "கூட இருந்தே குழி பறிச்சுட்டான்". மீம், ரீல்ஸ், டீக்கடை, எங்கே போனாலும் இதே பாட்டு. எனக்கு இதில் நிஜமாகவே கோபம்.

கதையைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். 1980, மதுரை. அழகர், பரமன், காசி என்று வேலைவெட்டி இல்லாத பசங்க. துளசியின் அப்பா, கட்சிக்காரர் சோமு வீட்டு ஆட்கள் என்ற பெயர்தான் அவர்களுக்கு இருக்கிற ஒரே பிடிமானம். சோமுவுக்குக் கட்சிப் பதவி கைநழுவுகிறது. தம்பி கனகு வந்து இந்தப் பசங்களிடம் புலம்புகிறான். அவனுக்காக அழகரும் பரமனும் கொலை செய்துவிட்டு உள்ளே போகிறார்கள்.

அப்புறம் ஜெயில். எப்படியும் கனகு ஜாமீனில் எடுத்துவிடுவான் என்று காத்திருக்கிறார்கள். அவன் வரவேயில்லை. என்னைக் கேட்டால் மொத்தப் படமும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் துரோகம் அங்கேயே நடந்து முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் அதற்கான வட்டி. வெளியே எடுத்துவிடுவது கூட இருந்த வேறொரு கைதி. அவனும் சும்மா செய்யவில்லை, பதிலுக்கு அவனுக்காக ஒருவனைக் கொல்ல வேண்டும். இந்தத் தெருவில் விசுவாசத்துக்கு என்ன விலை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

துளசி? அழகரைத் தனியாக வரவழைத்துச் சாகக் கொடுத்தாள் என்பதுதான் அவள் மேல் இருக்கிற குற்றச்சாட்டு. அப்பாவும் சித்தப்பா கனகுவும் சேர்ந்து நெருக்குகிற வீட்டில் அந்தப் பெண் எங்கே போவாள்? அழகரை வெட்டும்போது அவள் அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்த பிறகும் "பொம்பளைங்களே இப்படித்தான்" என்று எழுதுகிறவர்கள் வேறு ஏதோ படம் பார்த்திருக்கிறார்கள்.

'வட சென்னை'யில் (2018) வெற்றிமாறன் இதை இன்னும் ஆழமாகத் தோண்டினார். அந்தப் பகுதியின் தாதா ராஜனைக் கொன்றது வெளியாட்களா? அவன் நிழலிலேயே வளர்ந்த குணாவும் செந்திலும்தானே! காரணமும் ஒன்று மட்டும் கிடையாது. ராஜனிடம் பட்ட அவமானம், பணத்தாசை, அவன் இருக்கிறவரை நாம் தலையெடுக்க முடியாது என்கிற எண்ணம் எல்லாம் கலந்துகிடக்கிறது. (கனகுவாகவும் குணாவாகவும் நடித்தவர் சமுத்திரக்கனி. இரண்டிலும் அந்தச் சிரித்த முகம்தான் என்னைப் பயமுறுத்தியது.)

ஆனால் என்னை விடாமல் பிடித்து வைத்திருப்பது ராஜனின் மனைவி சந்திரா. புருஷனைக் கொன்றவர்களில் ஒருவனான செந்திலையே கட்டிக்கொண்டு, பழிவாங்க அவன் வீட்டிலேயே வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள். செந்தில் பக்கமிருந்து பார்த்தால் பச்சைத் துரோகம். ராஜன் பக்கமிருந்து பார்த்தால் அவளைப்போல விசுவாசி யாருமில்லை. ஒரே செயல், ஒரே ஆள். நம் கேங்ஸ்டர் படங்களில் இவ்வளவு கனமான பாத்திரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

காசியை மன்னிக்கச் சொல்லவில்லை. பரமனைக் காசுக்குக் காட்டிக்கொடுத்தான், அதற்குச் சமாதானமே கிடையாது. ஆனால் அவன் அதை யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்று கேளுங்கள். ஆளைப் பயன்படுத்திவிட்டுக் கைகழுவலாம், அதற்கப்புறமும் ஊரில் மரியாதையாக நடமாடலாம் என்று அவனுக்குக் காட்டியது கனகுதான்.

அடுத்து ரவுடி படம் எடுக்கப்போகும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். நண்பன் முதுகில் குத்தும் காட்சியை ஸ்லோமோஷனில் நிறையப் பார்த்தாகிவிட்டது. ஜாமீன் எடுக்க வராதவன் அந்த நேரத்தில் எங்கே இருந்தான், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான் என்பதை ஒரு தடவை முழுசாகக் காட்டுங்கள்.