லீவுக்குக் கையெழுத்துப் போடுபவரிடமே புகார் கொடுக்கச் சொன்னால் எப்படி?

ஒரு ஜவான் அழுதுகொண்டே வீடியோ போட்டால் அதற்குக் கீழே தவறாமல் ஒரு கமெண்ட் வரும்: "முறைப்படி மேலதிகாரியிடம் புகார் கொடுக்காமல் இப்படி ஊரைக் கூட்டலாமா?" கேட்பவர் பெரும்பாலும் பட்டாளத்துப் பக்கமே போகாதவர். நான் போனவன். அதுவும் கிளார்க்காக இருந்தவன். பாபு என்பார்கள். முறைப்படி வரும் புகார்களைத் தட்டச்சு செய்து, நம்பர் போட்டு, கோப்பில் சேர்ப்பது எங்கள் வேலை. அந்த முறை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, தனக்குக் கீழே இருப்பவரை அடித்தாலோ துன்புறுத்தினாலோ ஏழு வருஷம் வரை சிறை என்கிறது. அதிகாரி, ஜே.சி.ஓ. (அதிகாரிக்கும் ஹவில்தாருக்கும் நடுவில் இருப்பவர்), ஹவில்தார், நாயக் யாராக இருந்தாலும் இதுதான். பிரிவு 26-இன்படி ஒரு சிப்பாய் தன் கம்பெனி கமாண்டரிடம் புகார் கொடுக்கலாம். அந்தக் கமாண்டர் மீதே புகார் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் போகலாம். புகாரை வாங்கியவர் முழுமையாக விசாரித்தாக வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

சரி, அந்தச் சிப்பாய் கம்பெனி கமாண்டரின் மேஜை வரை எப்படிப் போகிறான்? நேராகக் கதவைத் தட்டிப் போக முடியாது. 'இன்டர்வியூ' கேட்க வேண்டும். கேட்டால் முதலில் ஹவில்தார் மேஜர், "என்ன விஷயம்?" என்பார். அவரிடம் சொல்ல வேண்டும். அப்புறம் சீனியர் ஜே.சி.ஓ. சாப் கூப்பிட்டு அதையே கேட்பார். அவரிடமும் சொல்ல வேண்டும். ஹவில்தார் மேஜர் அடித்தார் என்பதுதான் புகார் என்றால்? அதையும் முதலில் அவரிடம்தான் சொல்லியாக வேண்டும்.

தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் இப்படி எழுதிக்கொண்டு வந்தான். கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், பாதி இந்தி, பாதி தமிழ். இரவு ரோல் கால் முடிந்த பிறகு தன்னை மட்டும் நிறுத்திவைத்துப் பிட்டூவை (முதுகுப் பை) முதுகில் கட்டி மைதானத்தைச் சுற்ற வைக்கிறார்கள், விழுந்தால் பெல்ட்டால் அடி என்று எழுதியிருந்தான். ரகடா எனும் இந்த உடல் தண்டனை பட்டாளத்தில் எல்லோரும் பார்த்ததுதான், நானும் வாங்கியிருக்கிறேன். பயிற்சி மையத்தில் முழு ஸ்குவாடும் சேர்ந்து தவளைத் தாவல் போடுவதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. ஒரே ஆளை, தினமும், சீனியர் போதையில் இருக்கிற நேரமாகப் பார்த்துச் செய்தால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை.

அவன் தாளை நான் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் லங்கர் (சமையற்கூடம்) வரை போய்விட்டது. சாயங்காலம் சாப் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினார். "பேட்டா, தீபாவளிக்கு லீவு போட்டிருக்கியே, ஊருக்குப் போகணுமா வேண்டாமா?" மிரட்டல் என்று ஒரு வார்த்தை கிடையாது. மறுநாள் காலை பையன் வந்து தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். கோப்பில் எதுவும் ஏறவில்லை. அந்த வருஷம் எங்கள் யூனிட்டில் புகார்களே இல்லை என்றுதான் மேலே அறிக்கை போயிருக்கும்.

பட்டாளத்தில் லீவு என்பது வெளியே இருப்பவர்களுக்குப் புரியாத விஷயம். ஆண்டு விடுப்பு 60 நாள், கேஷுவல் 30 நாள் என்று கணக்கு இருந்தாலும், லீவை உரிமையாகக் கேட்க முடியாது என்பதுதான் விதி. தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், பொண்டாட்டி பிரசவம் எல்லாமே ஒரு கையெழுத்தில் தொங்குகின்றன. ஒருவனைப் பழிவாங்க அவனை அடிக்கவே வேண்டாம். லீவைத் தள்ளிப்போடலாம். தொடர்ந்து நைட் கார்டு போடலாம். கோர்ஸுக்குப் பெயர் அனுப்பாமல் இருக்கலாம். வேறு இடத்துக்கு அனுப்பிவிடலாம். எல்லாமே நிர்வாகக் காரணம். ஒன்றைக்கூட நிரூபிக்க முடியாது.

சரி, ராணுவத்துக்கென்று தீர்ப்பாயம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2007-இல் சட்டம் வந்து 2009-இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வேலை செய்யத் தொடங்கியது. சென்னையிலும் ஒரு கிளை உண்டு. நல்ல தீர்ப்புகளும் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எதையெல்லாம் அங்கே கொண்டுபோக முடியாது என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. இடமாற்றம் கூடாது. எந்த வகை லீவும் கூடாது. சம்மரி கோர்ட் மார்ஷலில் பணிநீக்கமோ மூன்று மாதத்துக்கு மேல் சிறையோ கிடைத்தால்தான் வரலாம், அதற்குக் குறைந்தால் கூடாது.

புகார் கொடுத்தவனை எதை வைத்து அடிப்பார்களோ, அதையெல்லாம் பொறுக்கியெடுத்துத் தீர்ப்பாயத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லவில்லை. பத்து லட்சத்துக்கும் மேல் ஆள் இருக்கும் படையில் ஒவ்வொரு லீவு தகராறும் வழக்கானால் என்ன ஆகும் என்று பயந்திருப்பார்கள். பயத்தில் நியாயம் இருக்கலாம், விளைவு இதுதான்.

சம்மரி கோர்ட் மார்ஷல் என்றால் தெரியாதவர்களுக்கு: கமாண்டிங் ஆபீசர் ஒருவர் மட்டுமே அங்கே நீதிமன்றம். இரண்டு பேர் கூட உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் தீர்ப்பு அவருடையது. சி.ஓ. லெப்டினன்ட் கர்னலாக இருந்தால் ஒரு வருஷம் வரை சிறை கொடுக்கலாம். சண்டை நடக்கும் இடத்தில் இப்படி ஓர் அதிகாரம் எதற்கு என்று எனக்குப் புரிகிறது. சமாதான ஸ்டேஷனில் எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை.

இன்னொன்று. பொய்ப்புகார் கொடுத்தால் பிரிவு 56-இன்படி ஐந்து வருஷம் வரை சிறை. பொய் சொன்னவனைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் ரூமுக்குள் இரண்டே பேர் இருக்கும்போது நடந்ததை எப்படி நிரூபிப்பது? சாட்சி சொல்ல வேண்டியவனுக்கும் அதே ஆள்தான் லீவு கொடுக்க வேண்டும். சிப்பாய் பொறுக்க முடியாமல் கை ஓங்கிவிட்டாலோ பிரிவு 40. பத்து வருஷம், அந்த மேலதிகாரி பணியில் இருக்கும்போது என்றால் பதினான்கு வருஷம் வரை. கீழே இருப்பவனை அடித்தால் அதிகபட்சம் ஏழு, மேலே இருப்பவரை அடித்தால் பதினான்கு.

2017 ஜனவரி பலருக்கு ஞாபகம் இருக்கும். எல்லைப் பாதுகாப்புப் படையின் தேஜ் பகதூர் யாதவ் கருகிய ரொட்டியையும் தண்ணீர்ப் பருப்பையும் காட்டி வீடியோ போட்டார். அவர் ராணுவம் இல்லை, உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் படை. அதே வாரம் டேராடூனிலிருந்து லான்ஸ் நாயக் யக்ய பிரதாப் சிங், சஹாயக் என்ற பெயரில் ஜவான்களை அதிகாரி வீட்டு வேலைக்கு வைப்பதைப் பற்றிப் பேசினார். பிரதமருக்கு எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அவர் வீடியோவுக்கு வந்தார். தளபதியாக இருந்த ஜெனரல் பிபின் ராவத் புகார்ப் பெட்டிகள் வைப்பதாகவும், தானே படிப்பதாகவும், பெயர் வெளியே வராது என்றும் சொன்னார். வாட்ஸ்அப் எண்ணும் கொடுத்தார்கள். ஆனால் ராணுவ தினத்தன்று, சமூக ஊடகத்துக்குப் போனால் தண்டனை உண்டு என்றும் எச்சரித்தார். ஏப்ரலில் யாதவ் பணிநீக்கம்.

அதற்கு நடுவில், மார்ச் தொடக்கத்தில், தேவ்லாலியில் கேரளத்துப் பீரங்கிப்படை வீரர் ஒருவர் இறந்துகிடந்தார். சஹாயக் வேலை பற்றி முகத்தை மறைத்து எடுத்த ரகசிய வீடியோவில் பேசியிருந்தவர். இதில் யார் மீது தப்பு என்ற விவாதம் கோர்ட் வரை போனது, அதற்குள் நான் போகவில்லை. இந்தச் சஹாயக் முறையை ஒழிக்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2008-லேயே சொல்லிவிட்டது. கடற்படையும் விமானப்படையும் அது இல்லாமல்தான் ஓடுகின்றன.

"வெளியாள் தலையிட்டால் ஒழுங்கு போய்விடும்" என்பார்கள். ஜெர்மனியைப் பாருங்கள். படையின் ஒழுங்குக்குப் பெயர்போன நாடு, ஹிட்லர் காலத்தில் அதே கீழ்ப்படிதல் எங்கே கொண்டுபோய்விட்டது என்றும் அனுபவித்த நாடு. 1956-இல் அவர்கள் அரசியல் சட்டத்திலேயே 45பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நாடாளுமன்றம் நியமிக்கும் ஓர் ஆணையருக்கு எந்தச் சிப்பாயும் மேலதிகாரி வழியாகப் போகாமல் நேராகக் கடிதம் எழுதலாம். எழுதியதற்காக அவனுக்குப் பாதகம் செய்யக்கூடாது. ஒவ்வொரு வருஷமும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை போகிறது.

பிரிட்டனிலும் 2016-இல் ராணுவப் புகார்களுக்கென்று ஆம்பட்ஸ்மேன் என்று தனியாக ஒரு குறைதீர்ப்புப் பதவி வந்தது. இருந்தும் 2021-இல் ஜெய்ஸ்லி பெக் என்ற 19 வயதுப் பீரங்கிப்படைப் பெண், மூத்த சார்ஜன்ட் மேஜர் ஒருவர் தன்னிடம் அத்துமீறினார் என்று புகார் கொடுத்தபோது, ராணுவம் அதைப் போலீசுக்குக் கொண்டுபோகவில்லை. மன்னிப்புக் கடிதம் ஒன்றை வாங்கிக் கொடுத்து முடித்தார்கள். சில மாதங்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். ராணுவம் சரியாக நடவடிக்கை எடுக்காததற்கு அந்தச் சாவில் பங்கு உண்டு என்று 2025-இல் மரண விசாரணை அதிகாரி சொன்னார். மேலே எவ்வளவு பெரிய பதவியை உருவாக்கினாலும், முதல் தாள் யூனிட்டுக்குள்ளேயே யார் கையில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் என்னுடைய கோரிக்கை பெரியது ஒன்றும் இல்லை. அடி, துன்புறுத்தல், பாலியல் புகார் ஆகியவை யூனிட்டுக்கு வெளியே, அந்த கமாண்டின் கீழ் வராத ஒருவரிடம் நேராகப் போக வேண்டும். புகார் கொடுத்த பிறகு லீவு மறுக்கப்பட்டாலோ இடமாற்றம் வந்தாலோ அதை மட்டுமாவது தீர்ப்பாயம் விசாரிக்கச் சட்டம் திருத்த வேண்டும். நல்ல சி.ஓ.க்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

அதுவரை, பையனைப் படைக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு: வீடியோ போடச் சொல்லாதீர்கள், வேலை போய்விடும். பிரிவு 26 என்று குறிப்பிட்டு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். யார் வாங்கினார், என்ன தேதி என்று எழுதிவைத்து, ஒரு நகல் வீட்டுக்கு வரட்டும். ஆறு மாதம் பதில் இல்லையென்றால் உள்வழிகள் முடிந்துவிட்டதாகவே தீர்ப்பாயச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து அடுத்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். பல பேர் இந்த இரண்டாவது ஆறு மாதத்தைத்தான் கோட்டை விடுகிறார்கள்.