ஸ்லாவின் வெறும் காட்சிமேடை அன்று

ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவில் உள்ள ‘ஸ்லாவின்’ என்னும் குன்றை, நகரைப் படமெடுக்க ஏற்ற இடமாக மட்டுமே நான் படித்த ஒரு கட்டுரை காட்டியிருப்பது எனக்குக் குறையாகப் பட்டது. 1945 ஏப்ரலில் அந்நகரையும் சுற்றுப்புறங்களையும் ஜெர்மானியப் படையிடமிருந்து மீட்கும் போரில் மாண்ட 6,845 சோவியத் வீரர்கள் அங்கே ஆறு பொதுக் கல்லறைகளிலும் 317 தனிக் கல்லறைகளிலும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அங்கே 1960இல் திறக்கப்பட்ட நினைவுத் தூணின் உச்சியில் கொடியேந்தி நிற்கும் வீரன், காலடியில் நாஜிகளின் ஸ்வஸ்திகாவை மிதித்து நசுக்குகிறான் (அண்ணாந்து பார்த்தும் முதலில் அது என் கண்ணில் படவில்லை). 1968இல் அதே சோவியத் நாட்டின் டாங்கிகள் அந்நகருக்குள் புகுந்ததால், உள்ளூர் மக்களில் சிலருக்கு இந்நினைவிடத்தின் மீது மனத்தாங்கல் இருப்பதில் வியப்பில்லை. ஆயினும் அங்கே உறங்குவோர் 1945ஐத் தாண்டாதவர்கள் என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.