ஜூன் ஐந்தும் கச்சான் காற்றும்

இன்று காலை முகநூலைத் திறந்ததும் "மூன்று வருடங்களுக்கு முன்" என்று ஒரு படத்தை எடுத்து நீட்டியது. உலக சுற்றாடல் தினம், திருகோணமலையில் மரநடுகை விழா. நடுவில் மண்வெட்டியோடு நான். தலையில் அன்றைக்குத் தந்த பச்சைத் தொப்பி. எல்லாருடைய சேட்டும் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருக்கிறது. 25 கன்றுகள் நட்டோம். லைக்கும் குறைவில்லாமல் வந்தது.

பின்னேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். கம்பிக் கூடுகள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. நின்ற கூடுகளில் ஒன்றே ஒன்றுக்குள் மட்டும் நெஞ்சளவு உயரத்துக்குப் பச்சை தெரிந்தது. சந்தோசத்தில் கிட்டப் போய் இலையைப் பார்த்தேன். வேம்பு. நாங்கள் வேம்பு நடவேயில்லை. காகம் போட்ட விதை, எங்கள் கூட்டுக்குள் பாதுகாப்பாக வளர்ந்திருக்கிறது.

நாங்கள் நட்டது நாகமரம். இலங்கையின் தேசிய மரம் அல்லவா, அதனால் விழாவுக்குப் பொருத்தம் என்று யாரோ மேலிடத்தில் தீர்மானித்து லொறியில் அனுப்பியிருந்தார்கள். கன்றுகளைக் குறை சொல்லக் கூடாது. நல்ல கன்றுகள், சிவந்த தளிரோடு வந்து இறங்கியவை. அன்றைக்கு வாசலில் இருந்த காவலாளி ஐயா மட்டும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, கச்சானுக்குள்ள ஆரும் கண்டு நடுவாங்களா?" நான் சிரித்து மழுப்பினேன். முதல் இரண்டு கிழமை பவுசரில் தண்ணீர் வந்தது. பிறகு பவுசரும் வரவில்லை, நாங்களும் போகவில்லை.

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக: இங்கே சொல்லும் கச்சான் காற்று. கடைகளில் சுருளில் கட்டித் தரும் கச்சான் வேறு, அது உங்கள் நிலக்கடலை. காற்றுக் கச்சான் தென்மேற்குப் பருவத்தோடு வருவது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு இலங்கைக்குள் நுழையும் காற்று, மத்திய மலையில் மோதி மேலேறும்போது மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது ஈரம் போய், இறங்க இறங்கச் சூடேறி, காய்ந்த காற்றாக வந்து சேரும். கொழும்பில் குடை பிடிக்கும் அதே ஜூன் மாதத்தில் திருகோணமலையில் காயப்போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் மொறமொறவென்று நிற்கும். ஒரே காற்றின் இரண்டு முகம் இது.

ஜூன் 5 என்ற நாளே 1972இல் ஸ்டொக்ஹோமில் ஐ.நா. சுற்றாடல் மாநாடு தொடங்கிய நாள். அந்த ஊருக்கு அது கோடையின் தொடக்கம், மரமெல்லாம் தளிர்த்து நிற்கும் காலம். கொழும்புக்கும் பரவாயில்லை, மழை இருக்கிறது. எங்களுக்கோ வருடத்திலேயே கன்று நடக் கூடாத மாதம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். நாள் தவறு, மரமும் தவறு. இரண்டையும் ஒரே குழிக்குள் போட்டு மூடியிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும்தான் படித்தோம். பூமியின் தரையை மழை, வெப்பம், அங்கே வளரும் மரஞ்செடி இவற்றை வைத்துப் பெரிய பெரிய வலயங்களாகப் பிரிப்பார்கள்: துருவப் பக்கத்து மரமில்லாக் குளிர்நிலமான தண்டரா, ஊசியிலைக் காடு, புல்வெளி, பாலைவனம், அயனமண்டல மழைக்காடு. பனிக்கரடிக்கு ஒரு புள்ளி, ஒட்டகத்துக்கு ஒரு புள்ளி என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிட்டோம். எனக்கு இப்போதுதான் அந்தப் பாடம் கொஞ்சம் விளங்குகிறது, அதுவும் நட்ட 25 கன்றுகளும் பட்டுப்போன பிறகு.

லண்டனில் இருக்கும் என் மச்சானுக்கு அங்கே எந்நேரமும் மழை என்று ஒரே புலம்பல். ஆனால் லண்டனுக்கு வருடம் முழுவதும் கிடைப்பது ஏறக்குறைய 600 மில்லிமீற்றர் மழை. 'உலர் வலயம்' என்று பெயர் வாங்கிய எங்கள் திருகோணமலைக்கு 1,500ஐத் தாண்டும். சொன்னால் நம்பமாட்டான். அவனுக்குத் தினமும் சிணுங்கிச் சிணுங்கிப் பெய்வது, எங்களுக்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் பாதிக்கு மேல் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களில் வெயிலும் காற்றும் நிலத்திலிருந்து உறிஞ்சுவது, வானம் தருவதைவிடக் கூட. இதைவிட வேடிக்கை தண்டரா. பல இடங்களில் வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்கும் குறைவு, கணக்குப் பார்த்தால் பாலைவன மழை. ஆனால் கோடையில் போனால் சதுப்பாகக் கிடக்கும். குளிரில் நீர் ஆவியாகாது, அடியில் நிரந்தரமாக உறைந்த மண் அதைக் கீழே இறங்கவும் விடாது.

ராபர்ட் விட்டேக்கர் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் இந்த வலயங்களையெல்லாம் ஒரே வரைபடத்துக்குள் அடக்கிக் காட்டினார். ஒரு பக்கம் வருடாந்தச் சராசரி வெப்பம், மறுபக்கம் வருடாந்த மழை. அழகான படம். குறை காண நான் யார்? ஆனாலும் எங்கள் ஊரில் நின்று பார்க்கிறவனுக்கு மூன்றாவது கோடு ஒன்று தேவைப்படுகிறது: எப்போது பெய்யும் என்பது. எங்கள் காடு முழுக்க அந்த 'எப்போது'க்கு எழுதிய பதில்தான்.

நாகமரத்தின் இலையை எடுத்துப் பாருங்கள். நீளம், நுனி கூர்மை. ஈரவலயத்து மரங்கள் பலவற்றுக்கு அப்படித்தான். ஈரவலயத்து மழைக்காடான சிங்கராஜ வனத்தில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இலையில் தண்ணீர் தங்கினால் பாசியும் பூஞ்சணமும் பிடிக்கும். அதனால் கூர்நுனி வழியே வடித்துவிட வேண்டும். இப்போது கந்தளாய் வீதியோரம் ஒரு பாலை மரத்தடியில் நின்று இலை ஒன்றைப் பறியுங்கள். சின்னது, தோல் மாதிரித் தடிப்பு. நுனி கூராக இருக்காது, உள்ளே சற்றுக் குழிந்திருக்கும். மடித்தால் 'சடக்' என்று உடையும். தண்ணீரை வடிக்கும் அவசரம் அதற்கு இல்லை, உள்ளதைக் காப்பாற்றும் கவலைதான். எங்கள் காட்டில் முதிரை போன்ற சில மரங்கள் கோடையில் இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும். பாலை, வீரை, கருங்காலி கொட்டாது. இத்தனை மாத வரட்சியிலும் பச்சையாகவே நிற்பதால்தான் இதற்கு 'உலர் கலப்பு என்றும் பசுமைக் காடு' என்று பெயர்.

சைபீரியாவின் பைன் மரமும் இதே வித்தையைத்தான் செய்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். மாரியில் அங்கே மண்ணில் தண்ணீர் இருக்கும், ஆனால் உறைந்திருக்கும், வேரால் எடுக்க முடியாது. அதனால் இலையை ஊசியாக ஒடுக்கி மேலே மெழுகு பூசிக்கொள்கிறது. பனியில் நிற்கும் மரத்துக்கும் கச்சானில் நிற்கும் மரத்துக்கும் ஒரே தாகம்! முற்றத்துக் கற்றாழை இன்னும் கெட்டிக்காரி. பகலில் இலைவாய்களை, அதாவது இலையின் நுண்துளைகளை, மூடிக்கொண்டு, இரவு குளிர்ந்த பிறகு திறந்து காற்றை எடுத்து வைத்துக்கொள்ளும்.

பாலை என்றதும் உங்களில் பலருக்கு ஐந்திணைப் பாலையும் வெந்த மணலும்தான் வரும். எங்களுக்கு வாயில் எச்சில் ஊறும். இந்த மாதங்களில் வீதியோரம் சுண்டு கணக்கில் விற்பார்கள், மஞ்சள் நிறத்தில் விரல்நுனி அளவுப் பழம். தேன் மாதிரி இனிப்பு. பத்துப் பதினைந்து தின்றதும் பால் பிசின் பட்டு உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் நானும் தங்கச்சியும் வாய் திறக்க முடியாதது போல நடித்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறோம்.

யோசித்துப் பார்த்தால் பட்டுப்போகிற வெயிலில் ஒரு மரம் இவ்வளவு சாறுள்ள பழத்தை ஏன் காய்க்க வேண்டும்? வேறெதுவும் கிடைக்காத காலத்தில் பந்தி வைத்தால் காடே வந்து குந்தும். இலங்கையில் கரடி இருப்பது உலர் வலயத்துக் காடுகளில் மட்டும்தான். பாலைப்பழக் காலத்தில் அது மரமேறியே கிடக்கும். தின்றதைத் தூரத்தில் போய்க் கழித்துவிட்டு வரும். மாரி வருவதற்குள் விதை ஊர் முழுக்கப் பரவியிருக்கும். அந்த மரத்துக்குத் தெரிந்த நாட்காட்டி எங்கள் மரநடுகைக் குழுவுக்குத் தெரியவில்லை.

யானைக்கும் தெரியும். குளங்கள் வற்ற வற்ற, வெளியே வரும் சேற்றுநிலத்தில் புது அறுகு முளைக்கும். அதைத் தேடித்தான் மின்னேரியாக் குளத்தில் கோடைக்கடைசியில் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. அந்தக் குளம் மகாசேன மன்னன் வெட்டியது. வயலுக்கு நாங்கள் வெட்டிய குளத்தை யானை தன் கோடைக்கணக்கில் சேர்த்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் இப்படி நல்ல முடிவு கிடைப்பதில்லை. கோட்டைப் பக்கமும் கோணேசர் கோவில் வழியிலும் திரியும் எங்கள் புள்ளிமான்களைப் பாருங்கள். கிளைகளுக்கிடையே விழும் வெயில் பொட்டுகளோடு கலந்து மறைவதற்கு வந்த புள்ளி அது. தார் வீதியில் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. இலைதழை தின்னப் பழகிய வாய், சோறு கட்டிய பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்குகிறது. வந்து பார்க்கிறவர்கள் பிஸ்கட் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள், நாங்களும் பெருமையாகப் பகிர்கிறோம்.

கடற்கரையிலும் இதே கதைதான். நிலாவெளிப் பக்கம் இராவணன் மீசை என்று ஒரு முள்ளுப் புல் உண்டு. காய்ந்த பூக்கொத்து உருண்டைப் பந்து மாதிரி இருக்கும், காற்று அடித்தால் மணலில் உருண்டோடும், பிள்ளைகள் துரத்தும். போகும் வழியெல்லாம் விதை சிந்தும். எங்கள் நாகமரக் கன்றுகளைக் கருக்கிய அதே காற்றுத்தான் அதற்கு வாகனம். அதுவும் அடம்பன் கொடியும் சேர்ந்துதான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. உல்லாசப் பயணிகளின் காலில் குத்துகிறது என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் புல்தரை வளர்க்கிறார்கள். பற்றைக்காடு என்றால் 'சும்மா கிடக்கிற காணி' என்ற எண்ணம் எங்களுக்குள் அவ்வளவு ஊறியிருக்கிறது.

மரநடுகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜூன் 5இல் கூட்டம் வையுங்கள், பேசுங்கள், தொப்பியும் கொடுங்கள். கன்றைத் தொடாதீர்கள். திருகோணமலையில் குழி வெட்டுவது ஐப்பசியில், முதல் மழை மண்ணுக்குள் இறங்கிய பிறகு. அப்போதுதான் அடுத்த கச்சானுக்குள் வேர் ஆழம் போக நேரம் கிடைக்கும். லொறியில் என்ன வருகிறது என்று பார்ப்பதற்கு முன், வேலிக்கு அந்தப் பக்கம் தானாக என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். வேம்பு, பாலை, வீரை, நாவல், புளி. அப்புறம் நிழல் வர நாளாகும் என்று குறை சொல்லக் கூடாது. ஒரு வருடத்தில் நிழல் தருகிற மரம் வேண்டுமென்றால் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும்.

போன வருடம் ஆடியில், தின்ற பாலைப்பழத்தின் கொட்டைகள் பதினொன்றை பால்மாப் பைகளில் மண் போட்டு ஊன்றி வைத்தேன். ஏழு முளைத்தன. இரண்டைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. மிச்சம் ஐந்தும் கிணற்றடியில் நிற்கின்றன. ஒரு வருடமாகப் போகிறது, இன்னும் ஒரு சாண் உயரம்கூட இல்லை. காவலாளி ஐயா ஓய்வு பெற்றுத் தம்பலகாமத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். மழை தொடங்கியதும் அவரையும் ஏற்றிக்கொண்டு போய் அந்த வெறுங்கூடுகளில் ஐந்தை நிரப்பலாம் என்று இருக்கிறேன். அந்த வேம்பு அங்கேயே நிற்கட்டும்.