எந்த ஊரைச் சொல்கிறாய்?

"ஊரில் இப்படிச் செய்ய முடியுமா?"

எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் வாக்கியம் இது. சொல்பவன் நான். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் என் மகள்கள் இருவர். பெரியவளுக்கு 15 வயது, சின்னவளுக்கு 11. ஷார்ஜாவில் பிறந்து, ஒரு கட்டடத்தின் 14ஆவது மாடியில் வளர்கிறவர்கள். பக்கத்துக் கட்டடத்துத் தோழி வீட்டுக்குப் போகட்டுமா என்றால், ஊரில் முடியுமா? கையில்லாத சட்டை வாங்கட்டுமா என்றால், ஊரில் முடியுமா? பள்ளிக்கூடச் சுற்றுலா, பிறந்தநாள் அழைப்பு, முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வது என்று எது வந்தாலும், இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தை இழுத்துவந்து வாசலில் நிறுத்திவிடுவேன். பாவம் அந்தத் தோட்டம். தன் பெயரைச் சொல்லி என்னவெல்லாம் தடுக்கப்படுகிறது என்று அதற்குத் தெரியாது.

இப்போது அந்தத் தோட்டத்தில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆகஸ்ட் மாத மழை விடாமல் பெய்கிறது. எங்களுக்கு விடுமுறை கிடைப்பதே இந்த மழைக்காலத்தில்தான். என் பிள்ளைகள் இன்றுவரை சிவனொளிபாதமலைக்கு ஏறியதில்லை. மலை ஏறும் பருவம் டிசம்பரில் தொடங்கி மே மாதத்தோடு முடிந்துவிடும். அவர்களுக்குத் தெரிந்த ஊர் பனிமூட்டமும் சேறும் அட்டைக்கடியும் உள்ள ஊர். அது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

போன வாரம் பெரியவள் ஹட்டனுக்குப் போக வேண்டும் என்றாள். துணைக்கு என் அக்காவின் மகள். (முறைப்படி அவள் மதினி ஆக வேண்டும், இவள் அக்கா என்றே கூப்பிடுகிறாள். திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.) இருவரும் பஸ்ஸில் போய் வருவார்களாம். நான் வழக்கம்போல் வாயைத் திறந்தேன். "ஊரில் இப்படி..." என்று தொடங்கியபோதுதான் இது ஊர் என்பது உறைத்தது. வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"ஊர் ஊர் என்கிறாயே தம்பி, எந்த ஊரைச் சொல்கிறாய்? நம் அம்மா குவைத்துக்குப் போன ஊரையா, இப்போது என் மகள் இருக்கிற ஊரையா?"

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனது 1993இல். எனக்கு 11 வயது, அக்காவுக்கு 14. அப்பா இருந்தார், காலையில் தேயிலை மலைக்கும் மாலையில் டவுனுக்கும் தவறாமல் போனார். தண்ணீர், சமையல், என் சீருடை, அப்பாயியின் மருந்து எல்லாம் அக்காவின் தலையில் விழுந்தன. 9ஆம் ஆண்டோடு அவளுடைய படிப்பு முடிந்தது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை போகவில்லை, அடுத்த திங்கட்கிழமையும் போகவில்லை, அவ்வளவுதான். அம்மாவிடமிருந்து கெசட் (ஒலிநாடா) வரும். அரை மணி நேரம் பேசிப் பதிந்து அனுப்பியிருப்பார். முதல் பாதி முழுக்க அக்காவுக்கு: தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று கதைக்காதே, இருட்டுவதற்குள் உள்ளே வந்துவிடு, கடைக்குத் தம்பியை அனுப்பு. இரண்டாம் பாதி அழுகை. ஷார்ஜாவில் நான் பேசிக்கொண்டிருப்பது அந்தக் கெசட்டின் முதல் பாதியைத்தான் என்று அக்கா கேட்ட பிறகுதான் புரிந்தது. ஒரு மாற்றமும் இல்லாமல் அதே சொற்கள். பீலி என்ற இடத்தில் லிஃப்ட் என்று போட்டுக்கொண்டேன்.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். படித்ததால்தான் 2008இல் டுபாயில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. தாய்மாரைக் கேள்வி கேட்பதற்கு நாட்டில் ஆள் பஞ்சமில்லை. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று காட்ட வேண்டும். 2022இல் டொலர் தீர்ந்தபோது அந்த 5 வயது 2 வயதாகக் குறைந்தது. நெருக்கடியில் பிள்ளைகள் சீக்கிரம் வளர்கின்றன போலும். அப்பாமாரிடம் இந்த அறிக்கையை ஒருவரும் கேட்பதில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் என்னிடம் கேட்டது கடவுச்சீட்டும் விசாவும் மட்டும்.

மூத்தவள் பெரிய பிள்ளையானது 2022 மே மாதத்தில், பள்ளிக்கூடத்தில் வைத்து. மனைவி கிளினிக்கில் வேலையில் இருந்தாள். நான்தான் போய் அழைத்துவந்தேன். காரில் 20 நிமிடம். என்ன பேசுவதென்று தெரியாமல் ஷவர்மா வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பாலத்தைத் தாண்டியதும் மறுபடியும் அதையே கேட்டேன். வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழைத்தது அத்தையை. தாய் வந்து சேரும் வரை என் அக்கா, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, அரை நாள் பேரையும் (கூலியையும்) இழந்து, வட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது சடங்கு வைக்க வேண்டும் என்று உறவினர்கள் நின்றார்கள். ஹட்டனில் மண்டபம், நோர்வூட் சந்தியில் பிள்ளையின் படம் போட்ட பேனர், வீடியோ. ஹாலிஎலவிலிருந்து தாய்மாமன் சீரோடு வரத் தயார். என் மகள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "இதைச் சந்தியில் எழுதி ஏன் ஒட்ட வேண்டும்?" அதற்குப் பதில் தேடும் வேலையை நாடு எங்களுக்கு வைக்கவில்லை. கியூஆர் அட்டைக்கு அளந்து கொடுக்கும் பெற்றோலை வைத்துக்கொண்டு யார் மண்டபத்துக்கு வருவார்கள்? பேனர் தானாகவே கைவிடப்பட்டது.

அக்கா மட்டும் விடவில்லை. வீட்டிலேயே தண்ணீர் ஊற்றினார்கள். அன்று இரவு உள் காம்பராவில், அதாவது உள்ளறையில், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் பெண்கள் ஒன்பது பேர் என் மகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்களுக்கு இஸ்தோப்பு. தகரத்தில் மழை அடித்ததால் உள்ளே பேசியது ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் வந்தது. 11 மணி வரை வந்தது. பிறகு மனைவி மூலம் சிலவற்றைத் தெரிந்துகொண்டேன். வயிற்றுவலிக்கு என்ன குடிப்பது, எந்தப் பெரியம்மா யாரோடு ஓடிப்போய் எந்தத் தோட்டத்தில் பிடிபட்டாள், பஸ் நெரிசலில் கை நீளுகிறவனுக்கு ஊசியை எங்கே குத்துவது. 12 வயதுப் பிள்ளை, சோறு எடுக்கப்போன இடத்தில் அந்தக் கதைகளைத் தங்கைக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். நான் 12 ஆண்டுகளாகப் போட்ட தடைகளில் அந்த ஊசி அளவுக்குக்கூடப் பயன்படுகிற பொருள் ஒன்று இல்லை.

என் மனத்தில் இருப்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஊர்க் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டு விமானத்தில் ஏற்றிப்போனது பாதியை மட்டும். லயத்தில் வளர்ந்த பெண்பிள்ளை மேல் எந்நேரமும் பத்துக் கண்கள் இருக்கும், அது உண்மை. திட்டும் வாய்களும் இருக்கும். ஆனால் அதே பத்துப் பேர்தான் அவள் தலையில் பேன் பார்ப்பார்கள், அப்பன் குடித்துவிட்டு வந்தால் தங்கள் காம்பராவில் படுக்க வைப்பார்கள், அழுதால் ஏன் என்று கேட்பார்கள். கண்களைக் கொண்டுபோய்விட்டோம். மடிகளை இங்கேயே விட்டுவிட்டோம். 14ஆவது மாடியில் ஓர் அம்மா, ஓர் அப்பா, ஒரு போன். அம்மாவோடு சண்டை வந்துவிட்டால் பிள்ளை வேறு எந்த வீட்டுக்குப் போவாள்? போனுக்குத்தான் போவாள். பிறகு நாங்கள் போனைப் பிடுங்குவோம்.

ஷார்ஜாவில் 2022 ஜனவரியிலிருந்து பள்ளிகளுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விடுமுறை. டுபாயில் வேலை செய்யும் எனக்கு வெள்ளி விடுமுறை இல்லை, மனைவிக்கும் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கதவைப் பூட்டி, யாருக்கும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு இருவரும் புறப்படுவோம். மூன்றரை ஆண்டுகளாக இப்படித்தான். கணக்குப் போடுவது என் தொழில் என்பதால் போட்டுப் பார்த்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அமீரக விதியில் மகன் 25 வயது வரைதான் தகப்பனின் விசாவில் இருக்கலாம். திருமணமாகாத மகளுக்கு வயது எல்லை இல்லை. இதைக் கேட்டதும் மகிழ்ந்த அப்பாமாரில் நானும் ஒருவன். அந்த மகிழ்ச்சி எதற்கானது என்று இப்போது யோசிக்கிறேன்.

ஊரை நான் சொர்க்கமாக்கப் பார்க்கவில்லை. இருட்டிய பிறகு பெண்பிள்ளையைப் பீலிக்கு அனுப்பாத இதே ஊர்தான், முகம் தெரியாத கொழும்பு வீடுகளுக்குப் பெண்பிள்ளைகளைத் தனியாக வேலைக்கு அனுப்பியது. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுப் பிள்ளை கொழும்பில் வேலைக்கு இருந்த வீட்டில் தீக்காயமடைந்து இறந்துபோனாள். மலையகம் முழுவதும் தெருவில் இறங்கி நியாயம் கேட்டது. அந்த வாரம் ஷார்ஜாவில் இருந்துகொண்டு நானும் முகநூலில் ஆவேசமாக எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பி, பெரியவள் பால்கனியில் ஏன் நிற்கிறாள் என்று சத்தம் போட்டேன்.

பிள்ளைகளுக்கு எது ஊர் என்பதும் எளிதான கேள்வியாக இல்லை. என் தாத்தாவுக்கு 1948இல் குடியுரிமை போனது. 1988இல் சட்டம் வரும் வரை 40 ஆண்டுகள் நாடற்றவராக இருந்து, இதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினார். என் மகள்கள் பிறந்ததும் ஓராண்டுக்குள் பதிய வேண்டும், இல்லையென்றால் இலங்கைப் பிரஜை ஆவதில் சிக்கல் வரும் என்று டுபாயில் உள்ள துணைத் தூதரகத்துக்கு நான் ஓடிய ஓட்டம் தாத்தாவுக்கு மட்டும் புரிந்திருக்கும். அந்தத் தாளைச் சட்டகம் போட்டு மாட்டவா என்று மனைவி கேலி செய்தாள். பதிந்துவிட்டேன், ஆனால் அந்தப் பிரஜைக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வருகிறது. அரபு அங்கே கட்டாயப் பாடம், அதைச் சரளமாக வாசிக்கிறாள். இது அவள் குற்றமில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டிய மாலைகளில் நான் அவளுக்கு ஊர் வழக்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஹட்டன் பயணத்துக்கு வருகிறேன். அனுப்பினேன். அக்காவின் மகளுக்கு நவம்பரில் உயர்தரப் பரீட்சை. உயிரியல் படிக்கிறாள், நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டிப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்பது அவள் கணக்கு. தினமும் காலை ஐந்தரை பஸ்ஸில் டியூஷனுக்குப் போகிறவள். "உனக்குப் பயமில்லையா?" என்று அக்காவிடம் கேட்டேன். "இல்லாமலா? பஸ் வரும் வரை ரோட்டில் நிற்பேன். அவள் ஏறியதும் மலைக்குப் போவேன்" என்றாள். தோட்டத்து நாள் சம்பளத்தில் டியூஷன் காசையும் பஸ் காசையும் ஒதுக்கிக் கொடுப்பவள். 9ஆம் ஆண்டில் நின்றுபோன அந்தத் திங்கட்கிழமையை மகள் வழியாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொன்னால் திட்டுவாள்.

பிள்ளைகள் பஸ் ஏறிய ஐந்தாவது நிமிடம் நான் ஓட்டோ பிடித்துப் பின்னால் போனேன். ஆம், போனேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஓட்டோக்காரப் பையன் விவரம் கேட்கவில்லை. வெளிநாட்டு அப்பாமாரை முன்பும் ஏற்றியிருப்பான் போலும். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடை ஓரத்தில் ஒதுங்கி நின்று பார்த்தேன். இருவரும் இறங்கினார்கள். என் மகள் பஸ்ஸின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து உதடசைத்தாள். பொ-க-வ-ந்-த... முடிக்கும் வரை மற்றவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. பிறகு ரோட்டைக் கடந்தார்கள். ஷார்ஜாவில் கார் கதவைத் திறந்துவிட்டால் மட்டுமே இறங்கிப் பழகிய பிள்ளை, இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு லொறியைக் கை காட்டி நிறுத்திக் கடந்தாள். பேக்கரியில் ரோல்ஸ் சாப்பிட்டார்கள். எனக்குப் பசித்தது. அதே கடைக்குள் போக முடியாதே.

மாலையில் வீடு திரும்பி, ஒன்றும் தெரியாதவன் போல் "எப்படி இருந்தது?" என்றேன்.

"நல்லா இருந்தது அப்பா. உங்கள் ஓட்டோ நோர்வூட் பாலத்தில் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்கென்று வாங்கி வந்த இரண்டு ரோல்ஸைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

இன்னும் நான்கு நாளில் திரும்புகிறோம். வெள்ளிக்கிழமைகளுக்கு என்ன செய்வது என்று மனைவியும் நானும் பேசினோம். எங்கள் கட்டடத்திலேயே பண்டாரவளைக் குடும்பம் ஒன்று இருக்கிறது. மூன்று தெரு தள்ளி மட்டக்களப்பிலிருந்து வந்த ஓர் அக்கா, வீட்டில்தான் இருப்பார். இருவரோடும் இத்தனை ஆண்டுகளாக எனக்கு எதிரே கண்டால் தலையாட்டும் பழக்கம் மட்டும்தான். பெண்பிள்ளை உள்ள வீடு, எதற்கு நெருக்கம் என்று ஒதுங்கியிருந்தேன். போய்க் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் கதவு பூட்டப்படாது என்பதை மட்டும் முடிவு செய்திருக்கிறோம். பக்கத்துக் கட்டடத்துத் தோழி விஷயமும் பரிசீலனையில் இருக்கிறது. அப்பாவின் பரிசீலனை என்றால் எவ்வளவு காலம் என்று பெரியவள் கேட்டிருக்கிறாள்.

இதை எழுதும்போது உள் காம்பராவில் அக்காவும் அவள் மகளும் என் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மழை சற்று விட்டிருப்பதால் சிரிப்பு தெளிவாகக் கேட்கிறது. என்ன சிரிப்பு என்று இங்கிருந்தே கேட்டேன்.

"உங்களைப் பற்றித்தான் அப்பா, நீங்கள் எழுதுங்கள்" என்றாள் சின்னவள்.