பாஸ்புக்கில் ஒரு வரி: 17.70

போன வாரம் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும் அந்த வரி இந்த முறையும் இருந்தது. எஸ்எம்எஸ் சார்ஜ், 17.70. கட்டணம் 15 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2 ரூபாய் 70 காசு. பணத்தைப் பிடித்த கையோடு, பிடித்துவிட்டோம் என்று சொல்ல ஒரு எஸ்எம்எஸ்ஸும் வரும். அந்த எஸ்எம்எஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

நான் அரசுப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். இந்த ஒரு வரியை வைத்துப் புள்ளியியல் பாடத்தில் பாதியை நடத்திவிடலாம் என்பது என் கட்சி. நடத்தியும் பார்த்துவிட்டேன். சண்டைக்கு வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் மொத்தம் எட்டு அத்தியாயம். எட்டாவதுதான் 'புள்ளியியலும் நிகழ்தகவும்'. கடைசி அத்தியாயத்துக்கு என்ன கதி நேரும் என்று கணக்கு டீச்சர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரிவிஷன் டெஸ்ட் தலைக்கு மேல் நிற்கும். எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்துக்குச் சூத்திரத்தை எழுதிப்போட்டு, அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று பழக்கிவிட்டு நகர்ந்துவிடுவோம். பிள்ளைகளும் பிசகில்லாமல் போட்டுவிடுவார்கள். "வந்த விடை என்னடா சொல்லுது?" என்று கேட்டுப் பாருங்கள், பேந்தப் பேந்த விழிப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. யாருடைய எண் என்றே தெரியாத பத்து எண்களுக்குச் சராசரி கண்டுபிடித்தால் அது யாரிடம் என்ன பேசும்?

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சிரித்தார். "இந்தக் காலத்துல யாரு டீச்சர் எஸ்எம்எஸ் அனுப்புறா? எல்லாம் வாட்ஸ்அப்." சரிதான், நாம் அனுப்புவதில்லை. வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். ஓடிபி, பணம் வந்தது, பணம் போனது, மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. என் காலத்தில் அனுப்புகிறவர் காசு கொடுத்தார். எஸ்எம்எஸ் விலையைக் குறைக்கும் ரேட் கட்டர் பேக் போட்டு, நாளொன்றுக்கு இத்தனை என்று எண்ணி எண்ணி அனுப்புவோம். தீபாவளி, பொங்கல், புத்தாண்டு அன்று மட்டும் அந்த பேக் செல்லாது, ஒரு வாழ்த்துக்கு ஒரு ரூபாய் போய்விடும். அதனால் முதல் நாள் ராத்திரியே எல்லோருக்கும் வாழ்த்து அனுப்பி முடித்துவிடுவோம். 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ் என்று வரம்பு வைத்தபோது ஊரே புலம்பியது, நவம்பரில் அதை 200 ஆக்கினார்கள். இப்போதோ வாங்குகிறவர் காசு கொடுக்கிறார், எத்தனை வந்தது என்று எண்ணுவதுகூட இல்லை.

எண்ணச் சொன்னதுதான் என் பாடம். மூன்று மாதத்தில் வீட்டுக்கு வங்கியிலிருந்து எத்தனை எஸ்எம்எஸ் வந்திருக்கிறது என்று எண்ணி, ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வர வேண்டும். பேர் வேண்டாம், பாஸ்புக் வேண்டவே வேண்டாம். எந்த வீட்டில் எவ்வளவு இருப்பு என்பது வகுப்பறைக்குள் வரக்கூடாத சங்கதி. (ஒருத்தி பாஸ்புக்கையே பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்படியே திருப்பி அனுப்பினேன்.)

பிள்ளைகள் கொண்டுவந்த எண்களையும் இங்கே போடப் போவதில்லை. அதே ஜாடையில் ஒன்பது வீட்டுக்கு நானாக எண் போட்டுக் காட்டுகிறேன்: 4, 6, 7, 9, 11, 12, 14, 18, 279. கடைசி வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியூஆர் கோடு அட்டையில் பத்து ரூபாய் விழுந்தாலும் அவருக்கு ஒரு செய்தி.

கூட்டினால் 360. ஒன்பதால் வகுத்தால் சராசரி 40. இப்போது வகுப்பைப் பார்த்து, "நாற்பது வந்த வீடு யாரோடது, கை தூக்குங்க" என்று கேட்க வேண்டும். ஒரு கையும் எழாது. நாற்பதுக்குப் பக்கத்தில்கூட யாரும் இல்லை. இடைநிலை அளவு, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் எண், 11. அதைக் கேட்டால் நாலைந்து பேராவது "எங்க வீடு மாதிரி" என்பார்கள். திட்ட விலக்கம் ஏறக்குறைய 85 வரும், சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கடைக்காரரை ஒரு நிமிஷம் வெளியே நிறுத்திவிட்டு மறுபடி போட்டால் சராசரி 10 சொச்சம், திட்ட விலக்கம் 4 சொச்சம். ஒரே ஒரு வீடு எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்ததை அவர்களே கண்ணால் பார்க்கிறார்கள். அவரை வெளியே நிறுத்தியது நியாயமா என்ற சண்டை உடனே ஆரம்பிக்கும். ஆரம்பிக்கட்டும். அவர் தப்பான எண் இல்லையே, நிஜமான வீடுதானே?

இனிமேல்தான் காசு. எல்லா வீட்டிலும் 17.70 பிடிக்கிறார்கள் என்று வைத்தால், 4 வந்த வீட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் 4 ரூபாய் 43 காசு. 279 வந்த வீட்டுக்கு 6 காசு. சரி, ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குச் சராசரியாக எவ்வளவு ஆகிறது? வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரு கூட்டம் மொத்த வசூல் 159 ரூபாய் 30 காசை 360 ஆல் வகுத்து 44 காசு என்றது. இன்னொரு கூட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக விலை கண்டுபிடித்து, அந்த ஒன்பது விலைக்கும் சராசரி எடுத்து 1 ரூபாய் 92 காசு என்றது. யார் போட்டது தப்பு என்று என்னைக் கேட்டார்கள். இரண்டுமே சரி. வங்கி விளம்பரம் போட்டால் 44 காசைத்தான் போடும். மாசத்துக்கு ஒரு தடவை முதியோர் உதவித்தொகை எடுக்கப் போகிற பாட்டி பேசினால் மற்றதைச் சொல்வார். சராசரி என்று யாராவது சொன்னால் எதை எதனால் வகுத்தாய் என்று கேட்க வேண்டும் என்பதை இருபது வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருத்தருக்கும் ஏறவில்லை. அன்றைக்கு நாற்பது நிமிஷத்தில் ஏறியது.

கட்டணத்தை நிஜமான பயன்பாட்டை வைத்தே வாங்க வேண்டும் என்று 2013 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இதை வகுப்பில் சொன்னதும் ஒரு பையன் கேட்டான்: "அப்புறம் ஏன் டீச்சர் எல்லா வாட்டியும் அதே பதினேழு எழுபது?" எனக்குத் தெரியாது என்றேன். என் வங்கியில் நானே ஒருமுறை கேட்டேன். சிஸ்டம் தானாகப் பிடிக்கிறது என்று பதில் வந்தது. ஆனால் அந்தக் கேள்வியை வரைபடமாக்கலாம். ஜிஎஸ்டியை விட்டுவிடுங்கள். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 25 காசு வீதம் வாங்கினால் சாய்கோடு. மொத்தமாக 15 ரூபாய் என்றால் படுக்கைக்கோடு. இரண்டும் 60இல் வெட்டிக்கொள்ளும். ஒன்பது வீட்டில் எட்டு வீடு அந்தப் புள்ளிக்கு இடது பக்கம். மொத்தக் கட்டணத்தால் லாபம் கடைக்காரர் ஒருவருக்குத்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பள்ளியிலிருந்து பெற்றோருக்குப் போகும் எஸ்எம்எஸ் பேச்சு வந்தது, அது இன்னொரு சுரங்கத்துக்குள் கொண்டுபோய்விட்டது. ஒரு எஸ்எம்எஸ் 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் யூனிகோடில் போகும்போது குறிக்கு (செல்போன் தனியாக எண்ணும் ஒவ்வொரு துண்டுக்கும்) 16 பிட், ஆக 70தான். அதிலும் நாம் எழுத்து என்று நினைப்பதும் செல்போன் நினைப்பதும் வேறு. 'ளி' நமக்கு ஓர் எழுத்து, அதற்கு ளகரமும் கொக்கியும் தனித்தனி, இரண்டு குறி. 'நாளை பள்ளிக்கு விடுமுறை' என்பதை எண்ணச் சொன்னேன். நம் கணக்கில் 11 எழுத்து, இரண்டு இடைவெளி. செல்போன் கணக்கில் 23. எழுபதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதையே ஆங்கில எழுத்தில் தங்கிலீஷாகத் தட்டினால் 25 குறி வரும், ஆனால் 160இல் 25 என்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 70ஐத் தாண்டி ஒரு குறி கூடினால் இரண்டு எஸ்எம்எஸ் கணக்கு. முழு ஆங்கிலச் செய்திக்கு நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் செருகினாலும் மொத்தச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டு திரிந்தார்கள். ஓர் எழுத்துக்குச் சராசரி எத்தனை குறி என்று கேட்டிருந்தேன். 'ப' போன்ற அகர உயிர்மெய்யும் மெய்யும் மற்ற உயிர்மெய்யும் எந்த விகிதத்தில் வருகின்றன என்பதைப் பொறுத்தது அது. அதைக் கண்டுபிடிக்க மாதிரி எடுக்க வேண்டும். எதிலிருந்து? செய்தித்தாளிலிருந்தா, அம்மா அனுப்பிய வாய்ஸ் நோட்டை எழுதிப்பார்த்தா? இரண்டுக்கும் ஒரே விடை வருமா? தமிழம்மாவும் இந்தச் சண்டையில் சேர்ந்துகொண்டார். கணக்கு வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரே பலகையைப் பங்குபோட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதில் தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். பாடம் இரண்டு நாளில் முடியாது, ஐந்து நாள் ஆனது. பழைய செய்திகளை அழித்துவிட்ட வீடுகள் உண்டு. அப்பாவின் போனைத் தொட முடியாத பிள்ளைகள் உண்டு. சில பேர் நாளாகிவிட்டதே என்று குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதிவந்தார்கள். ரவுண்டாகப் பத்து, இருபது, முப்பது என்று வந்த சீட்டுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதுவும் பாடம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சீட்டுகளைக் கொட்டி அட்டவணை போட்டபோது ஒன்றில் கோடு மட்டும் இழுத்திருந்தது. பூஜ்யமா என்று கேட்டேன். பேர் வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தும், கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "பூஜ்யம் இல்ல டீச்சர். மெசேஜ் வருது. எங்கம்மா கணக்குக்கு மாமா நம்பரைத்தான் குடுத்திருக்கு. எத்தனை வந்துச்சுன்னு மாமாவுக்குத்தான் தெரியும்."

பணம் யார் கணக்கில் பிடிக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். "அம்மா கணக்குலதான்" என்றான்.

அட்டவணையில் பூஜ்யம் போட்டால் சராசரி குறையும். கோடு போட்டால் அந்த வீடே கணக்கில் வராது. எதைப் போடுவது என்று வகுப்பைக் கேட்டேன், மணி அடிக்கும் வரை முடிவாகவில்லை. மறுநாள் பலகையில் யாரோ அந்த எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வரைந்து வைத்திருந்தார்கள். தலைப்பு: 'போன் யார் கையில்?'